கழற்றி மாட்டினாலும் அதே இடம்

சென்ற கச்சான் காற்றுக் காலத்தில், ஒரு ஞாயிறு காலை, பட்டறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரு படகு எஞ்சினின் ஷாப்டைக் கடைந்துகொண்டிருந்தபோது அக்காவின் மகன் அமெரிக்காவிலிருந்து அழைத்தான். அவன் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் மருத்துவக் கருவிகளுக்கான பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், கணினி இயக்கும் மில்லிங் இயந்திரத்தில் வேலை செய்பவன். சிறுவனாக இருந்தபோது பாடசாலை விடுமுறை முழுவதையும் என் லேத்துக்குக் கீழே விழும் இரும்புச் சுருள்களைப் பொறுக்கியே கழித்தவன். வழக்கமாக அவன் கேட்பது தாயின் நீரிழிவைப் பற்றியும் நிலாவெளிக் காணியின் வேலியைப் பற்றியுமாக இருக்கும். அன்று அவன் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "மாமா, இதைச் செய்யிற கொம்பனிக்கு வேலைக்கு எழுதிப் போடலாமெண்டு யோசிக்கிறன், என்ன சொல்லுறியள்?" என்று கேட்டான்.

படத்தில் இருந்தது ஒரு துவக்கு. முதற் பார்வையில், யாரோ நல்ல துவக்கொன்றை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் மேசையில் வைத்திருப்பது போலத் தெரிந்தது. விரலால் அழுத்தும் விசை நடுப்பகுதியில் இருந்தது. ரவைக்கூடோ விசைக்குப் பின்னால், தோளில் முட்டுகிற இடத்துக்குக் கிட்ட இருந்தது. தோளில் ஊன்றும் பிடங்கு என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. இவ்வளவு கட்டையான ஒன்றைத் தொலைதூரக் குறிக்கென்று செய்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது நான் நம்பவில்லை. அளவுகளை அனுப்பச் சொன்னேன். அவனும் என் பயிற்சியில் வளர்ந்தவன் என்பதால் அளவுகளைத் தயாராகத்தான் வைத்திருந்தான்.

திருகோணமலையில் என் வயதுடைய ஒருவனுக்குத் துவக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சந்திக்குச் சந்தி, மணல் மூட்டைக்கு மேலே, படையினரின் ரி 56 துவக்கைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்த தலைமுறை எங்களுடையது. அதன் வளைந்த ரவைக்கூட்டையும், மரப்பிடங்கில் வார்னிஷ் தேய்ந்து வெளிறியிருக்கும் இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டே வரைந்து காட்டுவேன். ஆனால் ஒரு கடைசல்காரனின் கண்ணோடு நான் அதைப் பார்த்ததே இல்லை என்பது அந்த ஞாயிறுதான் உறைத்தது. சாவடியில் நிற்பவன் துவக்கின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்ப்பானே தவிர, அதன் குழல் எத்தனை அங்குலம் என்று பார்ப்பதில்லை.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ரி 56 இன் முழு நீளம் 874 மில்லிமீற்றர். அதில் குழல் 415. அதாவது மொத்த நீளத்தில் பாதிகூடக் குழல் இல்லை. மருமகன் அனுப்பிய துவக்கில் 26 அங்குலக் குழல் பூட்டினால் முழு நீளம் 37.5 அங்குலம், மில்லிமீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 952க்கு 660. பத்தில் ஏழு பங்கு குழல். பிரித்தானியாவின் அக்குரசி இன்டர்நஷனல் நிறுவனம் செய்த ஏ.டபிள்யூ.எம். என்ற பெயர்பெற்ற தொலைதூரத் துவக்கில் 27 அங்குலக் குழலுக்கு முழு நீளம் 1.2 மீற்றரைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட அதே குழலை வைத்துக்கொண்டு ஓர் அடிக்குச் சற்றே குறைவான நீளத்தை இவர்கள் எங்கேயோ ஒளித்துவிட்டார்கள்.

ஒளித்த இடம் பிடங்குதான். வழக்கமான துவக்கொன்றில் விசைக்குப் பின்னால் இருப்பது தோளைத் தொடுவதற்காக நீட்டப்பட்ட வெறும் கட்டை; அதற்குள் பெரும்பாலும் ஒன்றுமில்லை. புல்பப் என்று அழைக்கப்படும் அமைப்பில் ரவை வெடிக்கும் அறையையும், அதை மூடும் பூட்டுத்தண்டையும், ரவைக்கூட்டையும் அந்த வெற்றுக் கட்டைக்குள் தள்ளிவிடுகிறார்கள். குழல் குறுகுவதில்லை, வீணாகக் கிடந்த இடம் வேலைக்கு வருகிறது. எண்ணம் புதியதல்ல. 1901இலேயே பிரித்தானியாவில் தோர்னிகுரொஃப்ட் என்ற குறுந்துவக்கு இந்த அமைப்பில் வந்து, படையினரின் கைக்கு ஒத்துவராமல் ஒதுக்கப்பட்டது. 1951இல் ஈ.எம். 2 என்ற துவக்கைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டு, சிறிது காலத்திலேயே கைவிட்டது. 1970களின் பிற்பகுதியில் ஒஸ்திரியாவின் ஸ்டெயர் ஏ.யு.ஜி.யும் பிரான்சின் ஃபமாஸும் வந்த பிறகுதான் உலகப் படைகள் இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தன.

ஆனால் அவையெல்லாம் படைவீரன் ஓடியாடிச் சுடும் துவக்குகள். நுட்பமாகக் குறிவைக்கும் வேலைக்கு இந்த அமைப்பு ஆகாது என்ற எண்ணம் துறைக்குள் ஆழமாக வேரூன்றியிருந்தது. அதை முதலில் பெரிதாக மீறியவர்கள் ஜேர்மனியின் வால்தர் நிறுவனத்தார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த படுகொலைக்குப் பின்னர், பொலிசாருக்கென ஒரு துல்லியத் துவக்கு வேண்டும் என்ற தேவையிலிருந்து அவர்களுடைய டபிள்யூ.ஏ. 2000 பிறந்தது. 650 மில்லிமீற்றர் குழலைக் கொண்ட அதன் முழு நீளம் 905 மில்லிமீற்றர்தான். 1988இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது மொத்தமாகச் செய்யப்பட்டவை 176 மட்டுமே என்பார்கள். விலை அப்படி. இன்றைக்கு அது சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

மருமகன் விண்ணப்பிக்க நினைத்த நிறுவனம் அந்தப் பாதையில் பிந்தி வந்தது. 2007இல் நிக் யங் என்பவர் டெசர்ட் டக்டிக்கல் ஆர்ம்ஸ் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 2013இல் பெயர் டெசர்ட் டெக் ஆயிற்று. துவக்கைச் சுருக்கியவர்கள் தங்கள் பெயரையும் சுருக்கிக்கொண்டார்கள் போலும். சால்ட் லேக் சிட்டியை ஒட்டியிருக்கும் வெஸ்ட் வாலி சிட்டி அவர்களுடைய இடம். படத்தில் இருந்த எஸ்.ஆர்.எஸ். என்ற அந்த முதல் துவக்குத்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வால்தரின் துவக்கு ஒவ்வொரு சூட்டுக்கும் தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும். இதுவோ ஒவ்வொரு முறையும் கையால் பூட்டுத்தண்டை இழுத்து ஏற்றுவது. அசையும் பாகங்கள் குறைந்தால் அளவு பிசகும் இடங்களும் குறையும் என்பதை எந்தப் பட்டறைக்காரனும் ஒத்துக்கொள்வான். பின்னர் தானே ரவை ஏற்றும் துவக்கொன்றையும் அவர்கள் 2014இல் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் அது வாங்கியவர்களின் கைக்குப் போய்ச் சேரச் சில ஆண்டுகள் பிடித்தன.

என்னை உட்கார வைத்த விடயம் நீளம் அல்ல. இந்தத் துவக்கின் குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டலாம். குழலும், அதற்குரிய பூட்டுத்தண்டும், ரவைக்கூடும் சேர்ந்த ஒரு தொகுதியை மாற்றினால், .308 வின்செஸ்டர் என்ற ரவையைச் சுடும் துவக்கு, அதைவிடப் பெரிய .338 லபுவா மேக்னம் ரவையைச் சுடும் துவக்காகிவிடும். இதுவும் பெரிய அதிசயமல்ல. அதிசயம் என்னவென்றால், முதற் குழலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, நாலு நாள் கழித்து மீண்டும் மாட்டினால், சன்னம் பழைய இடத்திலேயே போய் விழும் என்று அவர்கள் சொல்வதுதான்.

லேத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இந்த வாக்கியம் சாதாரணமாகத் தோன்றலாம். லேத்தின் பிடிவாயான சக்கில் பூட்டிக் கடைந்துகொண்டிருக்கும் ஒரு ஷாப்டை, மதியச் சாப்பாட்டுக்கு முன் யாரோ அவசரமாக ஒரு புஷ் கடைந்து கேட்கிறார்கள் என்று கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பி வந்து அதே சக்கில், அதே மூன்று தாடைக்குள், அதே பக்கம் பார்த்து இறுக்கினாலும் அது பழைய மையத்தில் ஓடாது. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்தால் ஊசி இரண்டு தவ், மூன்று தவ் என்று ஆடும். ஒரு தவ் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. தாடைக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சிறு பிசிறு, ஒரு துளி எண்ணெய், இறுக்கும் கையில் கொஞ்சம் கூடுதல் பலம், இவ்வளவும் போதும். "கழட்டினாப் போச்சு" என்று அப்பா சொல்வார். வேலை முடியாமல் கழற்றுகிற பையனுக்கு அவர் கையால் ஒரு குட்டும் விழும். அந்தக் குட்டை நானும் வாங்கியிருக்கிறேன். மருமகனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால், வெயிலில் சூடேறி, ஒவ்வொரு சூட்டிலும் அதிர்ந்து, மனிதன் கையால் கழற்றி மாட்டப்படும் ஒரு குழல் எப்படி அதே இடத்துக்குத் திரும்பும்? மருமகன் விளக்கியதையும் நான் படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். குழலின் அடிப்பகுதி அலுமினிய உடலுக்குள் நன்றாக ஆழமாக இறங்கி உட்காருகிறது. புரி போட்டுத் திருகும் வேலை இல்லை. உடலே ஒரு கிளாம்ப் போலக் குழலைச் சுற்றி இறுகுகிறது. அதை இறுக்கும் நான்கு திருகாணிகளையும் முறுக்குவிசை அளந்து காட்டும் ஸ்பனரால், சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறுக்க வேண்டும். கையின் பலம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. குறிபார்க்கும் தொலைநோக்கி குழலில் அல்லாமல் உடலின் மேல் பூட்டப்பட்டிருப்பதால், குழல் போய்வந்தாலும் கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குழலின் மீதிப் பகுதியோ எதையும் தொடாமல் காற்றில் நிற்கிறது. பிடிக்கும் கையின் அழுத்தம் அதற்குத் தெரியாது.

இவ்வளவையும் சொல்லிவிடலாம், செய்வது வேறு. உடலில் குடையும் துளையும் குழலின் அடியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினால் இறுக்கும்போது குழல் சாயாது என்பதில்தான் அந்த நிறுவனத்தின் சோறு இருக்கிறது. துளை ஒரு தவ் பெரிதானால் குழல் ஒரு பக்கம் ஒதுங்கும். அரைத் தவ் சிறிதானால் பொங்கலுக்கு முன் மாட்டிய குழல் சித்திரை வெயிலில் கழராது. ஒன்றைச் செய்வது கெட்டிக்காரத்தனம். ஆயிரம் உடல்களையும் ஆயிரம் குழல்களையும் தனித்தனியே செய்து, எதை எடுத்து எதில் மாட்டினாலும் பொருந்தச் செய்வதுதான் தொழில்.

அடுத்த சிக்கல் விசை. வழக்கமான துவக்கில் விரல் அழுத்தும் விசைக்கு நேர் மேலேயே வெடிப்பைத் தூண்டும் பொறி இருக்கிறது. புல்பப்பில் பொறி பின்னால் போய்விட்டது, விசை முன்னாலேயே நிற்கிறது. இடையில் ஒரு நீண்ட தண்டு இரண்டையும் இணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் ராலி சைக்கிள் இருந்தது; கம்பி பிரேக் உள்ள பழைய வகை. கைப்பிடியில் அழுத்தினால், கம்பி கீழே போய், முட்டில் திரும்பி, இன்னொரு கம்பியை இழுத்து, கடைசியில்தான் ரப்பர் கட்டை சில்லில் படும். புதிதில் அது அருமையாகப் பிடித்தது. முட்டுகள் தேய்ந்த பிறகு, உவர்மலை ஏற்றத்திலிருந்து இறங்கும்போது கைப்பிடியைப் பாதி அழுத்தும்வரை ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று முழுதாகப் பிடித்து ஆளைத் தூக்கி எறியும். புல்பப் துவக்குகளின் விசையைப் பற்றிச் சுடுபவர்கள் காலங்காலமாகச் சொல்லும் குறை இதுதான். எப்போது வெடிக்கும் என்று விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. படைவீரனுக்கு அது பெரிதல்ல. மூச்சை அடக்கி விரலின் நுனியால் அழுத்துகிறவனுக்கு அது எல்லாமே. எஸ்.ஆர்.எஸ். இல் இணைப்புத் தண்டை வைத்துக்கொண்டே அந்தத் தளர்ச்சியை எடுத்துவிட்டார்கள் என்பதைச் சுட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். முட்டுகளில் ஆட்டம் இல்லாவிட்டால் தண்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதகமில்லை என்பதை ராலியும் எனக்குச் சொல்லியிருந்தது, தேயும் முன்பு.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பூட்டுத்தண்டின் பிடி தோளுக்கு அருகில் இருப்பதால், அடுத்த ரவையை ஏற்றக் கையை அக்குள்வரை பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். வெடிக்கும் அறையோ கன்னத்துக்குக் கீழேயே இருக்கிறது. பழகினால் சரி என்கிறார்கள். நான் பழகப்போவதில்லை.

துல்லியம் என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் மிகவும் மலிவாகப் பாவிக்கிறோம். இந்த நிறுவனம் தன் துவக்குக்கு அரை மினிட் என்று உறுதி கொடுக்கிறது, தரமான ரவையைப் பாவித்தால். மினிட் என்பது இங்கே நேரமல்ல, கோணம். ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 100 மீற்றரில் அரை மினிட் என்பது 14.5 மில்லிமீற்றர். சுட்ட சன்னங்கள் எல்லாம் அந்த அகலத்துக்குள் விழ வேண்டும். எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் புரியும்படி சொல்வதானால், கிரிக்கெட் ஆடுகளத்தின் இந்த விக்கெட்டிலிருந்து அந்த விக்கெட் 22 யார். அந்தத் தூரத்தில் அரை மினிட் என்பது 3 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பயற்றம் விதையை ஸ்டம்புக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டு மறுமுனைக்குப் போய் நின்று பாருங்கள். முதலில் அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

குழல் நீண்டால்தான் துல்லியம் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். என் தொழிலே எனக்கு மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். லேத்தில் நீண்டு மெலிந்த கம்பியைக் கடைந்தால் அது நடுங்கும். அதையே குட்டையாக வெட்டிப் பூட்டினால் நடுங்காது. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. ஆகவே கட்டையான தடித்த குழல் அசையாமல் நிற்கும். நீளக் குழல் தருவது வேகம். வெடிமருந்து எரிந்து தள்ளுவதற்குக் கூடுதல் ஓட்டம் கிடைக்கிறது; ஓர் அங்குலம் குறைந்தால், ரவையைப் பொறுத்து, வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் குறையலாம். வேகம் குறைந்த சன்னத்தைக் காற்று அதிக நேரம் தள்ளும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .308 ரவையின் சன்னத்தை 1000 மீற்றர் தூரத்தில் இரண்டு மீற்றருக்கும் அதிகமாக ஒதுக்கிவிடும். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் திருகோணமலைக் கடற்கரையில் நின்றவர்களுக்கு அந்த 16 கிலோமீற்றர் ஒரு காற்றாகவே தெரியாது. யூட்டாவில் அரைத் தவ்வுக்குள் செய்தனுப்பும் வேலையெல்லாம், கடைசியில் காற்றைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதனின் கண்ணில் போய்த்தான் முடிகிறது.

இதையெல்லாம் மருமகனோடு பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் மைக்ரோமீற்றர் என் மேசையில் கிடந்தது. அப்பா பிரித்தானியர் காலத்துக் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர் வேலை பழகியவர். 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளர் அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மூர் அன்ட் ரைட் மைக்ரோமீற்றர் அது. இன்றும் தவ் கணக்கில்தான் பேசும். அதோடு வந்த இன்னொரு சொத்து விட்வேர்த் புரி வெட்டும் டப்புகள். எங்கள் பட்டறையில் பழைய எஞ்சின்கள் வந்தால் "விட்வேர்த்தா, மெட்ரிக்கா?" என்பதுதான் இன்றும் முதற்கேள்வி.

அந்த விட்வேர்த் ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் துவக்கும் செய்தவர் என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. ஜோசப் விட்வேர்த் 1841இல் ஆணிகளுக்கு ஒரே அளவான புரி வேண்டும் என்று முன்மொழிந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய புரியை வெட்டிக்கொண்டிருந்தது. 1850களில் பிரித்தானிய அரசு துவக்கு உற்பத்தி பற்றி அவரை நாடியபோது, அவர் முதலில் குழலையே ஆராய்ந்து, அறுகோணத் துளையுள்ள துவக்கொன்றைச் செய்தார். 1860 ஜூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் நடந்த போட்டியைத் தொடக்கிவைக்க, விக்டோரியா மகாராணி ஒரு நூலை இழுத்து, தாங்கியில் பூட்டியிருந்த அந்தத் துவக்கைச் சுட்டார். 400 யார் தூரத்துப் பலகையில் சன்னம் நடுப்புள்ளியை ஒட்டி விழுந்தது. ஆனாலும் படை அதை வாங்கவில்லை. விலை அதிகம், குழல் விரைவில் கரிபிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் குறிகாரர்களின் கையில் அது பெயர் எடுத்தது. படகுக்காரரின் எஞ்சினுக்கு நான் வெட்டும் புரியும், தொலைவிலிருந்து மனிதனைக் கொல்லும் கருவியும் ஒரே மேசையிலிருந்து வந்தவை. மில்லிங் இயந்திரத்தின் பிறப்பையும் தேடிப்போனால் அமெரிக்கத் துவக்குத் தொழிற்சாலைகளின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

மைக்ரோமீற்றருக்கும் துவக்குக்கும் ஒருமுறை நேரடிச் சந்திப்பும் நடந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சீனக்குடாப் பக்கம் ஒரு பம்ப் ஷாப்டை அளந்துவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது, சாவடியில் என் பையைக் கொட்டிப் பார்த்த இளம் சிப்பாய், அந்த இரும்பு வளையத்தைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அளக்கிற சாமான் என்றேன். அவன் நம்பவில்லை. அளந்து காட்டச் சொன்னான். அளக்க அங்கே எதுவும் இல்லை. அவன் இடக்கையில் என் அடையாள அட்டை மட்டும் இருந்தது. அதை வாங்கி, தாடைக்குள் வைத்து, நுனித் திருகை விரலால் மெல்லச் சுழற்றினேன். அது டிக் டிக் என்று மூன்று முறை சத்தமிட்டு நின்றது. 22 தவ். அவனும் குனிந்து கோடுகளைப் பார்த்தான். பிறகு தானே திருகிப் பார்க்க வேண்டும் என்று, தோளில் தொங்கிய ரி 56 ஐ முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இரண்டாம் முறையும் 22தான் வந்தது. அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் தள்ளிய துவக்கின் வாய் இப்போது எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பக்கம் இருந்தது.

"மாமா, நீங்கள் விசயத்துக்கு வாங்கோ" என்றான் மருமகன். விசயம் அவனுக்கும் தெரியும். அவன் அந்த நிறுவனத்தைப் பற்றி எனக்குச் சாதகமாக ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தான். 2013இல் பாகிஸ்தானுக்குத் துல்லியத் துவக்குகள் வழங்கும் ஒப்பந்தமொன்றுக்கான இறுதித் தேர்வுப் பட்டியலில் டெசர்ட் டெக் இருந்தது. 10 மில்லியன் டொலர் அளவு பெறுமதி என்று செய்திகள் வந்தன. அந்தத் துவக்குகள் ஒருநாள் அமெரிக்கப் படையினருக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்று சொல்லி நிறுவனம் விலகிக்கொண்டது. "பாத்தியளா, யாருக்கு விக்கிறதெண்டு யோசிக்கிற ஆக்கள்" என்றான். நான் மறுக்கவில்லை. புதிய நிறுவனமொன்று அவ்வளவு பணத்தை வேண்டாம் என்று சொல்வது சின்ன விடயமல்ல. ஆனால் அவர்கள் யோசித்தது தங்கள் பிள்ளைகளைப் பற்றி. வேறு யாருடைய பிள்ளையைப் பற்றி யோசிப்பது அவர்களுடைய வேலை என்று நானும் சொல்ல முடியாது. குழலின் மறுமுனையில் இருந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் வேறாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக நான் அவனுக்கு 1979இல் நடந்ததைச் சொன்னேன். எனக்கு அப்போது பதினேழு வயது. மாலை நேரம், பட்டறை பூட்டும் சமயம், வயல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சாக்கில் சுற்றியிருந்த ஒரு முழ நீளக் குழாயை எடுத்து மேசையில் வைத்து, உட்பக்கத்தைச் சீராகக் கடைந்து, ஒரு முனையை அடைத்துத் தர வேண்டும் என்றார். கூலியாக அவர் சொன்ன தொகை எங்கள் இரண்டு நாள் வருமானம். பன்றி பயிரை அழிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கட்டுத்துவக்கு என்று எங்கள் பக்கம் சொல்வது அதைத்தான். நூல் கட்டி, பன்றி வரும் பாதையில் மறைத்து வைப்பார்கள். பன்றிக்கு வைத்தது யானையின் காலிலும், விறகுக்குப் போன மனிதரின் முழங்காலிலும் வெடித்த கதைகள் அந்நாளிலும் இருந்தன. அப்பா குழாயை எடுத்து, வெளிச்சத்தின் பக்கம் பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். நகத்தால் ஒருமுறை தட்டினார். "இது எதுக்கு?" என்று கேட்டார். வந்தவர் பேசாமல் நின்றார். அப்பா குழாயைத் திரும்பச் சாக்கில் சுற்றி, அவர் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே போய் அனுப்பிவிட்டு வந்தார்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் பக்கத்தில் ஏதோ ஒரு வாகனம் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அது என்ன குழாய், மாமா?" என்றான்.

"தண்ணிக் குழாய். துத்தநாகம் பூசினது. பக்கத்தில ஒட்டுப் போட்ட கோடு ஓடினது."

"அப்ப அது முதல் வெடியிலேயே கிழிஞ்சிருக்குமே. பக்கத்தில நிண்டவற்ற கைதான் போயிருக்கும்."

ஓம் என்றேன். உள்ளே பார்த்த அந்த ஒரு கணத்திலேயே அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் அதற்காகத்தான் மாட்டேன் என்றாரா, இல்லை நல்ல குழாயாக இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாரா என்று மருமகன் கேட்டான். நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஷாப்ட் இன்னும் சக்கிலேயே இருந்தது, கழற்றாமல் வைத்திருந்தேன். விண்ணப்பத்தை எழுதிவிட்டு எனக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டு என்று சொல்லிவிட்டு, லேத்தை ஓட விட்டேன்.